தொடர்புசார் தரவுத்தளங்களில் இருமக் கோப்புகள்

தொடர்புசார் தரவுத்தளங்களில் இருமக் கோப்புகளைச் சேமித்தல் என்பது ஒளிப்படம், ஒலிப்பதிவு, வருடப்பட்ட ஆவணம், பி.டி.எஃப் கோப்பு போன்ற தரவுகளை ஒரு தரவுத்தள அட்டவணையின் பதிவுகளோடு இணைத்துப் பேணும் முறைகளைக் குறிக்கும். இதற்கு இரண்டு அடிப்படை வழிகள் உள்ளன. ஒன்று, கோப்பின் பைட்டுகள் அனைத்தையும் அட்டவணையின் ஒரு புலத்திலேயே இடுவது. மற்றொன்று, கோப்பை இயங்குதளத்தின் கோப்பு முறைமையில் வைத்து, அதன் பெயரையோ பாதையையோ மட்டும் அட்டவணையில் எழுதுவது. இவ்விரண்டையும் கலந்த முறைகளும் வழக்கில் உள்ளன.

கோப்பை முதன்முறையாக உள்ளிடுவது பெரும்பாலும் எளிது. ஏற்கனவே உள்ள கோப்பைப் புதிய கோப்பால் மாற்றும்போதே சிக்கல்கள் தோன்றுகின்றன. பழைய பைட்டுகள் என்னவாகின்றன, பாதியில் மின்சாரம் நின்றால் எது எஞ்சும், இருவர் ஒரே நேரத்தில் மாற்றினால் யாருடையது நிலைக்கும் என்ற கேள்விகளுக்கு ஒவ்வொரு முறையும் வெவ்வேறு விடை தருகின்றது. எனவே இக்கட்டுரையில் புதுப்பித்தலுக்குக் கூடுதல் இடம் அளிக்கப்பட்டுள்ளது.

பெயரும் வரலாறும்

எட்கர் காட் 1970 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் தொடர்புசார் மாதிரியை முன்வைத்தார். அம்மாதிரியின்படி ஒரு புலத்தில் உள்ள மதிப்பு மேலும் பிரிக்க முடியாத ஒன்றாகக் கருதப்படும். எண்களும் பெயர்களும் இதற்கு இயல்பாகப் பொருந்தின. ஓர் ஒளிப்படமும் இவ்வகையில் ஒரே மதிப்புதான். ஆனால் அதனுள் என்ன உள்ளது என்பது தரவுத்தளத்திற்குத் தெரியாது. அதை வரிசைப்படுத்துவதிலோ கூட்டுவதிலோ பொருளில்லை. அப்படியே வாங்கி அப்படியே திருப்பித் தருவது மட்டுமே தரவுத்தளத்தின் வேலை.

இத்தகைய மதிப்புகளுக்கு வழங்கும் 'பிளாப்' என்னும் பெயரை முதலில் பயன்படுத்தியவர் ஜிம் ஸ்டார்க்கி. டிஜிட்டல் எக்யுப்மென்ட் நிறுவனத்தில் பணியாற்றிய அவர், பின்னர் இன்டர்பேஸ் தரவுத்தளத்தை உருவாக்கினார். அவரது விளக்கத்தின்படி இப்பெயர் எதன் சுருக்கமும் அன்று; 1958 ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆங்கிலத் திரைப்படத்தில் எதிர்ப்பட்டவற்றையெல்லாம் விழுங்கி வளரும் உருவமற்ற உயிரியின் பெயரே அது. 'இருமப் பெரும்பொருள்' என்று பொருள்படும் ஆங்கில விரிவு பிற்காலத்தில் பொருத்தப்பட்டதாகும். பிளாப்களால் வீங்கிய தரவுத்தளத்தைப் பராமரித்தவர்களுக்கு முதற்பெயரே பொருத்தமாகத் தோன்றக்கூடும்.

ஆரக்கிள் தரவுத்தளத்தில் தொடக்கத்தில் 'லாங் ரா' என்னும் வகை இருந்தது. அதில் 2 கிகாபைட்டு வரை இடலாம். ஆயினும் ஓர் அட்டவணையில் அவ்வகைப் புலம் ஒன்றுதான் இருக்க முடியும். 1997 இல் வெளியான ஆரக்கிள் 8 பதிப்பு பிளாப் வகையை அறிமுகப்படுத்தியது. எஸ்க்யூஎல் மொழியின் 1999 ஆம் ஆண்டுத் தரநிலையில் பிளாப் முறையாக இடம்பெற்றது. எனினும் ஒவ்வொரு தரவுத்தளமும் அதற்கு முன்பே தனக்கென ஒரு வழியை வகுத்திருந்தமையால், பெயர்களும் எல்லைகளும் இன்றும் வேறுபடுகின்றன.

உள்ளே சேமிக்கப்படும் விதம்

தரவுத்தளங்கள் வட்டில் உள்ள தரவை நிலையான அளவுள்ள பக்கங்களாகப் பிரித்து வைக்கின்றன. இயல்பு நிலையில் போஸ்ட்கிரெஸ்க்யூஎல், மைக்ரோசாப்ட் எஸ்க்யூஎல் சர்வர் ஆகியவற்றின் பக்கம் 8 கிலோபைட்டும், மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி பொறியில் 16 கிலோபைட்டும் ஆகும். ஓர் ஒளிப்படம் பெரும்பாலும் இவற்றுள் அடங்காது. ஆகவே பெரிய மதிப்புகள் வேறு பக்கங்களுக்கு அனுப்பப்பட்டு, மூலப் பதிவில் அவற்றைச் சுட்டும் குறிப்பு மட்டும் வைக்கப்படுகின்றது.

இன்னோடிபியின் பழைய பதிவு வடிவத்தில் முதல் 768 பைட்டுகள் பதிவிலேயே இருக்கும். எஞ்சியவை வெளிப்பக்கங்களில் தொடரும். பின்னர் வந்த 'டைனமிக்' வடிவத்தில் முழு மதிப்பும் வெளியே சென்று, 20 பைட்டுச் சுட்டி மட்டும் பதிவில் எஞ்சலாம். இதனால் ஒளிப்படத்தைத் தொடாத வினவல்கள் குறைந்த பக்கங்களைப் படித்தால் போதும்.

போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லில் 2001 இல் வந்த 7.1 பதிப்பிலிருந்து 'டோஸ்ட்' என்னும் வசதி உள்ளது. ஒரு பதிவு ஏறத்தாழ 2 கிலோபைட்டைத் தாண்டினால் அதன் பெரிய மதிப்புகள் சுருக்கப்படும். அதுவும் போதாதெனில் ஏறக்குறைய 2,000 பைட்டுத் துண்டுகளாக்கப்பட்டுத் துணை அட்டவணையில் வைக்கப்படும். 'பைட்-ஏ' வகைப் புலத்தில் 1 கிகாபைட்டு வரை இடலாம். இதற்கு வேறாக 'பெரும்பொருள்' என்னும் தனி வசதியும் அதே தரவுத்தளத்தில் உண்டு. அதில் தரவு முழுவதும் ஒரு பொது அட்டவணையில் துண்டு துண்டாக இருக்கும். பயனரின் அட்டவணையில் அதன் எண் மட்டும் இருக்கும். இதன் எல்லை முன்னர் 2 கிகாபைட்டாக இருந்து, 2013 இல் வந்த 9.3 பதிப்பில் 4 டெராபைட்டாக உயர்ந்தது.

மைஎஸ்க்யூஎல்லில் நான்கு வகைகள் உள்ளன. டைனிபிளாப் 255 பைட்டு வரையிலும், பிளாப் 65,535 பைட்டு வரையிலும், மீடியம்பிளாப் 1,67,77,215 பைட்டு வரையிலும், லாங்பிளாப் 4 கிகாபைட்டுக்கு ஒரு பைட்டு குறைவான அளவு வரையிலும் கொள்ளும். இவற்றுள் 'பிளாப்' என்னும் பெயரே பலரை ஏமாற்றியுள்ளது. பெயரைக் கண்டு எதையும் கொள்ளும் என எண்ணுவோர், அதன் எல்லை 64 கிலோபைட்டு அளவே என்பதைக் கவனிப்பதில்லை. கண்டிப்பு முறை இயங்காத மைஎஸ்க்யூஎல்லில் 90 கிலோபைட்டு ஒளிப்படத்தை அப்புலத்தில் இட்டால், பிழை எதுவும் எழாது. எச்சரிக்கை ஒன்று மட்டும் பதிவாகி, எல்லைக்கு மேற்பட்ட பைட்டுகள் வெட்டி எறியப்படும். ஜேபெக் படங்கள் பொதுவாக மேலிருந்து கீழாகக் குறியிடப்படுவதால், அவ்வாறு வெட்டுண்ட படத்தில் மேற்பகுதி தெளிவாகவும் கீழ்ப்பகுதி சாம்பல் நிறமாகவும் தோன்றும். ஒரு கல்லூரியின் மாணவர் பதிவேட்டில் இது நிகழ்ந்தால், தேர்வு நுழைவுச்சீட்டு அச்சாகும் நாளில்தான் தெரியவரும்; அதற்குள் மூலப்படம் மாணவரிடமே இல்லாமற் போயிருக்கலாம். 2015 இல் வந்த 5.7 பதிப்பிலிருந்து கண்டிப்பு முறையே இயல்புநிலையாக உள்ளது. பழைய அமைப்புகளிலிருந்து கொணர்ந்த உள்ளமைவுகளில் அது அணைக்கப்பட்டிருக்கின்றதா எனப் பார்ப்பது நன்று.

எஸ்க்யூஎல் சர்வரில் முன்பு 'இமேஜ்' வகை வழங்கியது. 2005 ஆம் ஆண்டுப் பதிப்பில் 'வார்பைனரி மேக்ஸ்' அதன் இடத்தைப் பிடித்தது. இரண்டின் எல்லையும் 2 கிகாபைட்டே. எஸ்க்யூலைட்டில் பிளாப் ஒன்றின் இயல்பான உச்ச அளவு 100 கோடி பைட்டாகும்.

உள்ளிடுதல்

இருமத் தரவில் 0 முதல் 255 வரையிலான எந்த மதிப்புள்ள பைட்டும் வரலாம். மேற்கோள் குறி, பின்சாய்வுக் கோடு, சுழியப் பைட்டு ஆகியனவும் அவற்றுள் அடங்கும். ஆகவே பைட்டுகளை எஸ்க்யூஎல் கட்டளை வரிக்குள் நேரடியாக ஒட்டுவது பிழைக்கு வழிகோலும், பாதுகாப்புக்கும் கேடாகும். கட்டளையை முதலில் இடக்குறிகளோடு ஆயத்தம் செய்து, கோப்பின் பைட்டுகளைத் தனி அளபுருவாக இணைப்பதே முறையான வழி. ஜாவா, பைத்தான், பி.எச்.பி முதலிய மொழிகளின் தரவுத்தள நூலகங்கள் அனைத்தும் இதற்கு இடமளிக்கின்றன.

சிலர் இச்சிக்கலைத் தவிர்க்கக் கோப்பை 'பேஸ்64' குறிமுறைக்கு மாற்றி உரைப்புலத்தில் இடுகின்றனர். 3 பைட்டுகள் 4 எழுத்துகளாவதால் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும். பதினறும எண்களாக எழுதினால் அளவு இரட்டிக்கும். இரும வகைப் புலம் இருக்கும்போது இவற்றுக்குத் தேவையில்லை.

இதைவிடத் தீங்கானது, இருமத் தரவை மாற்றமின்றி உரைப்புலத்தில் இடுவதாகும். உரைப்புலத்திற்கு ஓர் எழுத்துக் குறிமுறை உண்டு. தரவுத்தளமோ இணைப்பு நூலகமோ அக்குறிமுறைக்கு ஏற்பப் பைட்டுகளை மாற்றிவிடலாம். யூனிகோடாகப் பொருள்படாத பைட்டுகளுக்கு மாற்றாகக் கேள்விக்குறிகளை இடலாம். அவ்வாறு போனவை திரும்ப வாரா. கோப்பை உரை முறையில் திறந்து படிப்பதாலும் இதே போன்ற கேடு விளையும். விண்டோஸ் இயங்குதளத்தில் வரிமுடிவுக் குறிகள் தாமாக மாற்றப்படும். பி.என்.ஜி படவடிவத்தை வகுத்தவர்கள் இதனை எதிர்பார்த்தே, ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் 137, 80, 78, 71, 13, 10, 26, 10 என்னும் எட்டுப் பைட்டுகளை வைத்தனர். முதற் பைட்டு 7 பிட்டுக் கடத்தலையும், 13, 10 இணையும் இறுதி 10 உம் வரிமுடிவு மாற்றத்தையும் காட்டிக்கொடுக்கும். சேமித்த படம் திறக்கவில்லையெனில் முதலில் இந்த எட்டுப் பைட்டுகளைப் பார்த்தாலே காரணம் பெரும்பாலும் விளங்கிவிடும்.

புலத்தின் எல்லை வேறு, கடத்தலின் எல்லை வேறு என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. மைஎஸ்க்யூஎல் வழங்கி ஒரே பொதியில் ஏற்கும் உச்ச அளவு ஓர் உள்ளமைவு மதிப்பால் கட்டுப்படுத்தப்படுகின்றது. 5.7 பதிப்பில் அதன் இயல்பு அளவு 4 மெகாபைட்டு, 8.0 பதிப்பில் 64 மெகாபைட்டு. எவ்வளவு உயர்த்தினாலும் 1 கிகாபைட்டைத் தாண்டாது. ஆகவே லாங்பிளாப் 4 கிகாபைட்டைக் கொள்ளும் என்பது பெரிதும் ஏட்டளவிலான கூற்றே.

புதுப்பித்தல்

பயனர் ஒரு படத்தை மாற்றும்போது, நிரல் 'அப்டேட்' கட்டளை ஒன்றை அனுப்பிப் பழைய மதிப்பின் இடத்தில் புதியதை இடுகின்றது. வெளியிலிருந்து பார்க்க ஓர் எண்ணை மாற்றுவதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. உள்ளே நிகழ்வது வேறு.

பரிவர்த்தனைகளைக் காக்கும் தரவுத்தளம், மாற்றம் உறுதியாகும் வரை பழைய மதிப்பை அழிக்காது. போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லில் ஒவ்வொரு மாற்றமும் பதிவின் புதிய பிரதி ஒன்றை உண்டாக்குகின்றது. 5 மெகாபைட்டு மதிப்பில் ஒரே ஒரு பைட்டு மாறினாலும் 5 மெகாபைட்டும் புதிதாக எழுதப்படும். அதே அளவு தரவு பரிவர்த்தனைப் பதிவேட்டிலும் எழுதப்பட்டு, நகல் வழங்கிகளுக்கும் அனுப்பப்படும். பழைய துண்டுகள் துப்புரவுப் பணி நடக்கும் வரை வட்டிலேயே கிடக்கும். மறுபுறம், அதே பதிவில் மாணவரின் முகவரி மட்டும் மாறினால் வெளியே வைக்கப்பட்டுள்ள ஒளிப்படம் தொடப்படாது; புதிய பிரதியும் பழைய துண்டுகளையே சுட்டும்.

இந்நன்மையை நிரலே கெடுத்துவிடக்கூடும். பொருள்சார் நிரல்களுக்கும் தரவுத்தளத்திற்கும் பாலமாக அமையும் சில நூலகங்கள், ஒரு புலம் மாறினாலும் எல்லாப் புலங்களையும் சேர்த்தே கட்டளையை அமைக்கின்றன. ஜாவா மொழிக்கான ஹைபர்னேட் நூலகத்தின் இயல்பு நிலை இதுவே. முகவரி மாற்றத்தோடு ஒளிப்படமும் திரும்ப அனுப்பப்பட்டால், அது மாறாத பைட்டுகள்தாம் என்பதைத் தரவுத்தளம் அறியாது. முழுவதையும் மீண்டும் எழுதும். ஒளிப்படத்தைத் தனி அட்டவணையில் வைத்து, மாணவர் பதிவெண்ணால் இணைப்பது இதற்கு எளிய தீர்வு. எல்லாப் புலங்களையும் கேட்கும் வினவல்கள் பட்டியல் பக்கம் ஒன்றிற்காக நூற்றுக்கணக்கான படங்களை நினைவகத்தில் ஏற்றுவதையும் அது தடுக்கும்.

முழுவதையும் மாற்றாமல் ஒரு பகுதியை மட்டும் எழுதவும் வழிகள் உள்ளன. ஆரக்கிளில் பதிவை முதலில் 'செலக்ட் ஃபார் அப்டேட்' கட்டளையால் பூட்டி, அதிலிருந்து பெறும் இடங்காட்டியின் வழியாக வேண்டிய இடத்தில் எழுதலாம். பூட்டாமல் எழுத முயன்றால் பிழை எழும். எஸ்க்யூஎல் சர்வரில் வார்பைனரி மேக்ஸ் புலத்தின்மீது 'ரைட்' என்னும் துணைக்கட்டளை உண்டு. போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லின் பெரும்பொருள்களை ஒரு கோப்பைப் போலவே திறந்து, நகர்ந்து, எழுதலாம். எஸ்க்யூலைட்டிலும் பிளாப் ஒன்றைத் திறந்து இடையில் எழுதலாம். ஆனால் அதன் நீளத்தை மாற்ற இயலாது. வேண்டிய நீளத்திற்குச் சுழியங்களை முதலில் நிரப்பிவைத்துப் பின்னர் எழுதுவதே அங்கு வழக்கம்.

நடைமுறையில் இவ்வசதிகள் பயன்படும் இடங்கள் குறைவு. ஜேபெக் படம், சிப் பொதி, சிப் வடிவையே உட்கொண்ட அலுவலக ஆவணங்கள் ஆகியன சுருக்கப்பட்டவை. அவற்றின் உள்ளடக்கத்தில் சிறு மாற்றம் செய்து சேமித்தாலும் பைட்டுகள் பரவலாக மாறிவிடும். மிகப் பெரிய கோப்பைத் துண்டு துண்டாக ஏற்றுவதற்கும், வளர்ந்துகொண்டே போகும் ஒலிப்பதிவின் இறுதியில் சேர்ப்பதற்குமே பகுதி எழுதுதல் உண்மையில் உதவுகின்றது.

போஸ்ட்கிரெஸ்க்யூஎல் பெரும்பொருள்களில் மற்றொரு பொறி உண்டு. பயனர் அட்டவணையில் இருப்பது எண் மட்டுமே ஆதலால், புதிய பெரும்பொருளை உண்டாக்கி அதன் எண்ணைப் பழையதன் இடத்தில் எழுதினால், பழைய பொருள் அழியாது. அதைச் சுட்டுவோர் யாருமின்றி அது தரவுத்தளத்திலேயே தங்கிவிடும். பதிவை நீக்கினாலும் இதே நிலைதான். இவ்வாறு அநாதையானவற்றைத் தேடி நீக்க 'வேக்யூம்எல்ஓ' என்னும் கருவியும், மாற்றத்தின்போதே பழையதை நீக்கும் தூண்டுநிரல் ஒன்றும் அத்தரவுத்தளத்துடன் வழங்கப்படுகின்றன. இவை தாமாக இயங்குவன அல்ல. பயனர் எண்ணிக்கை கூடாமலே தரவுத்தளம் மட்டும் வளர்வதைக் கண்டு குழம்புவோர் முதலில் இதனைச் சோதிக்கலாம்.

ஒரே கோப்பை இருவர் மாற்றுதல்

ஒருவர் ஓர் ஆவணத்தைப் பதிவிறக்கி, ஒரு மணிநேரம் திருத்தி, திரும்ப ஏற்றுகின்றார். அதே நேரத்தில் மற்றொருவரும் அதே ஆவணத்தை இறக்கித் திருத்தி ஏற்றுகின்றார். பின்னர் ஏற்றியவரின் கோப்பு முன்னவரின் உழைப்பை ஓசையின்றி அழித்துவிடும். எண்புலங்களில் இழப்பு ஒரு மதிப்போடு நிற்கும். கோப்பில் முழு ஆவணமும் போய்விடும். தரவுத்தளப் பூட்டு இங்கு உதவாது. ஒரு மணிநேரம் பூட்டை வைத்திருப்பது ஏனையோரையெல்லாம் தடுத்துவிடும்.

பொதுவாகக் கையாளப்படும் தீர்வு, ஒவ்வொரு கோப்போடும் ஒரு பதிப்பெண்ணை வைப்பதாகும். ஆவணத்தை இறக்கும்போது பதிப்பெண் 7 எனில், ஏற்றும்போது 'பதிப்பெண் இன்னும் 7 ஆக இருந்தால் மட்டும் மாற்று. மாற்றியபின் 8 ஆக்கு' என்னும் நிபந்தனையோடு கட்டளை அனுப்பப்படும். மாறிய பதிவுகளின் எண்ணிக்கை சுழியம் எனத் தரவுத்தளம் சொன்னால், இடையில் வேறொருவர் மாற்றிவிட்டார் என்பது தெரியும். அதன்பின் என்ன செய்வது என்பதைப் பயனர்தான் தீர்மானிக்க வேண்டும். இரு ஒளிப்படங்களையோ இரு பி.டி.எஃப் கோப்புகளையோ தானாக ஒன்றிணைக்க வழியில்லை. கோப்பை மாற்றும் கட்டளையும் பதிப்பெண்ணை மாற்றும் கட்டளையும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். முதலில் எண்ணைச் சோதித்துப் பின்னர் தனியே கோப்பை எழுதினால், இவ்விரண்டுக்கும் இடையிலேயே மூன்றாமவர் நுழையலாம்.

மாற்றாமலேயே புதுப்பித்தல்

பழைய பதிவை ஒருபோதும் மாற்றாமல், ஒவ்வொரு முறையும் புதிய பதிவைச் சேர்த்து, 'நடப்பில் உள்ளது இது' என்று சுட்டும் எண்ணை மட்டும் மாற்றுவது மற்றொரு வழி. விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருள் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அதில் கட்டுரைகளின் உரை மீடியம்பிளாப் புலம் ஒன்றில் வைக்கப்படுகின்றது. ஒவ்வொரு தொகுப்பும் புதிய பதிவாகச் சேர்கின்றது. பக்க அட்டவணையில் உள்ள எண் அண்மைத் திருத்தத்தைச் சுட்டுகின்றது. தொகுப்பு வரலாறும் மீளமைத்தலும் இதனாலேயே இயலுகின்றன.

உரையை ஏன் இருமப் புலத்தில் வைக்க வேண்டும் என்ற ஐயம் எழலாம். மைஎஸ்க்யூஎல்லில் யூனிகோடு வசதி 2004 இன் 4.1 பதிப்பில்தான் வந்தது. அதற்கு முன்பே பல மொழிகளில் விக்கிப்பீடியா இயங்கியது. யூடிஎஃப்-8 குறிமுறையில் தமிழின் ஒவ்வொரு யூனிகோடு குறியும் 3 பைட்டு கொள்ளும். 'தமிழ்' என்னும் சொல் 5 குறிகளாலாகி 15 பைட்டுகளாக அமையும். அப்பைட்டுகளின் பொருளைத் தரவுத்தளம் அறியாதிருந்ததே அவை சிதையாமல் இருந்ததற்குக் காரணமாயிற்று. சுருக்கப்பட்ட உரையையும் அதே புலத்தில் வைக்க முடிந்தது கூடுதல் பயன்.

அதே மென்பொருள் படங்களைத் தரவுத்தளத்தினுள் வைப்பதில்லை. கோப்பின் அளவு, ஏற்றியவர், நாள் முதலியன மட்டுமே அட்டவணையில் இருக்கும். நடப்புக் கோப்புக்கும் பழைய கோப்புகளுக்கும் நெடுங்காலம் தனித்தனி அட்டவணைகள் இருந்துவந்தன. புதிய படம் ஏற்றப்படும்போது பழையது அழிக்கப்படாமல், பெயருக்கு முன்னால் காலமுத்திரை சேர்க்கப்பட்டு வேறிடத்திற்கு நகர்த்தப்படும்.

கோப்பு முறைமையில் வைத்தல்

படங்களை வெளியே வைப்பதால் தரவுத்தளம் சிறிதாக இருக்கும். வலை வழங்கி அவற்றை நேரடியாக அனுப்பலாம். இழப்பது பரிவர்த்தனையின் காப்பாகும். தரவுத்தளத்தில் மாற்றம் பின்வாங்கப்பட்டால் பதிவு பழைய நிலைக்குத் திரும்பும். வட்டில் மேலெழுதப்பட்ட கோப்பு திரும்பாது. அப்போது பதிவு ஒன்றைச் சொல்லும், கோப்பு வேறொன்றைக் காட்டும். நில ஆவணத்திலோ மருத்துவப் படத்திலோ இவ்வேறுபாடு சிறு பிழை அன்று.

எனவே இம்முறையைக் கையாள்வோர், இருக்கும் கோப்பின்மீது ஒருபோதும் எழுதக் கூடாது. புதிய கோப்பைத் தற்காலிகப் பெயரில் எழுதி, அது உண்மையிலேயே வட்டைச் சென்றடைந்ததை உறுதிசெய்து, பின்னர் இறுதிப் பெயருக்கு மாற்ற வேண்டும். யுனிக்ஸ் வகை இயங்குதளங்களில் ஒரே கோப்பு முறைமைக்குள் பெயர் மாற்றுதல் பகுக்க முடியாத ஒரே செயலாகும். பாதி எழுதிய கோப்பை யாரும் காணமாட்டார்கள். இதன் பிறகே தரவுத்தளப் பதிவைப் புதிய பெயருக்கு மாற்றிப் பரிவர்த்தனையை உறுதிசெய்ய வேண்டும். நீக்கும்போது வரிசை தலைகீழாகும்: முதலில் பதிவு, பின்னர் கோப்பு. இவ்வொழுங்கில் எந்த இடத்தில் கணினி நின்றாலும், எஞ்சுவது யாரும் சுட்டாத ஒரு கோப்புதான். அதை வாரம் ஒருமுறை தேடி நீக்கினால் போதும். ஒழுங்கு மாறினால் எஞ்சுவது, இல்லாத கோப்பைச் சுட்டும் பதிவு. அதைச் சரிசெய்ய எவராலும் இயலாது.

புதிய பெயரை எப்படித் தேர்வது என்பதற்குக் கோப்பின் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிடப்படும் ஹாஷ் மதிப்பைப் பயன்படுத்துவது பரவலான வழக்கமாகும். எஸ்.எச்.ஏ-256 முறையில் எந்தக் கோப்புக்கும் 32 பைட்டு மதிப்பு கிடைக்கும். உள்ளடக்கம் மாறினால் பெயரும் மாறும்; எனவே மேலெழுதும் வாய்ப்பே எழுவதில்லை. ஒரே கோப்பைப் பலர் ஏற்றினாலும் ஒரு பிரதியே இருக்கும். ஆனால் நீக்கும் முன் வேறு பதிவு எதுவும் அதைச் சுட்டவில்லை என்பதைப் பார்க்க வேண்டும்.

எஸ்க்யூஎல் சர்வரின் 2008 பதிப்பில் வந்த 'ஃபைல்ஸ்ட்ரீம்' வசதி இவ்வொழுங்கைத் தரவுத்தளத்திடமே ஒப்படைக்கின்றது. கோப்புகள் என்.டி.எஃப்.எஸ் கோப்பு முறைமையில் இருக்கும். பரிவர்த்தனை அவற்றையும் கட்டுப்படுத்தும். மாற்றத்தின்போது புதிய கோப்பு உண்டாகி, பழையது பின்னர் துப்புரவாக்கப்படும். ஆரக்கிளின் 'பிஃபைல்' வகையும் வெளிக்கோப்பைச் சுட்டுவதே. எனினும் அது படிப்பதற்கு மட்டுமானது.

அளவும் வேகமும்

இவ்விரு வழிகளில் எது விரைவானது என்ற வாதத்திற்கு அளவீட்டோடு விடை தேடிய ஆய்வுகளுள் குறிப்பிடத்தக்கது, ரசல் சியர்ஸ், கேத்தரின் வான் இங்கன், ஜிம் கிரே ஆகியோர் 2006 இல் வெளியிட்ட அறிக்கையாகும். எஸ்க்யூஎல் சர்வரையும் என்.டி.எஃப்.எஸ் கோப்பு முறைமையையும் ஒப்பிட்ட அவர்கள், 256 கிலோபைட்டுக்குக் குறைந்தவற்றுக்குத் தரவுத்தளமும், 1 மெகாபைட்டுக்கு மேற்பட்டவற்றுக்குக் கோப்பு முறைமையும் தெளிவாகச் சிறந்தவை எனக் கண்டனர். இடைப்பட்ட அளவுகளில் விடை, எழுதுதல் எவ்வளவு அடிக்கடி நிகழ்கின்றது என்பதையும், சேமிப்பகத்தின் 'வயதையும்' பொறுத்தது.

இந்த 'வயது' என்னும் கருத்து அவ்வறிக்கையில் மிகவும் சிந்திக்கத்தக்க பகுதி. அது நாட்களால் அளக்கப்படுவதன்று. கோப்புகள் எத்தனை முறை மாற்றி எழுதப்பட்டன என்பதால் அளக்கப்படுவது. புதிதாக நிரப்பிய தரவுத்தளத்தில் நடத்தும் வேகச் சோதனை நல்ல முடிவுகளைத் தரும். பழையவை நீங்கி, அவ்விடைவெளிகளில் புதியவை துண்டு துண்டாக அமர்ந்த பின்னர் அதே சோதனை வேறு முடிவைத் தரும். தலையுள்ள சுழல் வட்டுகளில் செய்யப்பட்ட ஆய்வு என்பதால், திண்ம நிலை வட்டுகளுக்கு இவ்வெல்லை எண்களை அப்படியே கொள்ளலாகாது. எனினும், மாற்றி எழுதிப் பார்க்காத சோதனையை நம்ப வேண்டாம் என்ற பாடம் நிலைக்கின்றது.

சிறிய கோப்புகளில் தரவுத்தளம் முந்துவதற்குக் காரணம், கோப்பு ஒன்றைத் திறக்கவும் மூடவும் ஆகும் செலவாகும். எஸ்க்யூலைட் உருவாக்குநர்கள் 2017 இல் வெளியிட்ட அளவீட்டில், 10 கிலோபைட்டு அளவிலான சிறுபடங்களைத் தனிக்கோப்புகளிலிருந்து படிப்பதைவிட எஸ்க்யூலைட்டிலிருந்து படிப்பது ஏறத்தாழ 35% விரைவாக இருந்தது. மிகப் பெரிய தொகுப்புகளுக்கு, அமேசான் 2006 இல் தொடங்கிய எஸ்3 போன்ற பொருட்சேமிப்புச் சேவைகள் கோப்பு முறைமையின் இடத்தைப் பெற்றுள்ளன. அவற்றிலும் தரவுத்தளத்தில் இருப்பது பெயர் மட்டுமே ஆதலால், மேற்கூறிய ஒழுங்கு அங்கும் பொருந்தும்.

காப்பு நகலும் மீட்பும்

அனைத்தும் தரவுத்தளத்துள் இருப்பின், ஒரே நகலில் பதிவும் கோப்பும் ஒரே கணத்தின் நிலையில் கிடைக்கும். இது சிறிய அலுவலகங்களுக்குப் பெரும் வசதி. ஆனால் நகலின் அளவும் மீட்கும் நேரமும் கூடும். மாறாத படங்களும் ஒவ்வொரு முழு நகலிலும் திரும்பத் திரும்ப எழுதப்படும். மைஎஸ்க்யூஎல் தரவை உரைவடிவில் நகலெடுக்கும்போது இருமப் புலங்களைப் பதினறும எண்களாக எழுதும் விருப்பத்தேர்வைச் சேர்க்க வேண்டும். இன்றேல் நகலை வேறு கருவிகள் வழியே கொண்டுசெல்லும்போது பைட்டுகள் சிதையலாம். போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லில் குறிப்பிட்ட அட்டவணைகளை மட்டும் நகலெடுத்தால், பெரும்பொருள்கள் இயல்பாக அதில் சேரா. அட்டவணையில் எண் இருக்கும், பொருள் இராது. மீட்டெடுக்கும் நாளில்தான் இது தெரியவரும்.

பிளாப்களை நீக்குவதால் வட்டில் இடம் உடனே திரும்பக் கிடைப்பதில்லை. காலியான பக்கங்கள் தரவுத்தளத்தின் பின்னைய பயன்பாட்டிற்கென வைக்கப்படும். இயங்குதளத்திற்கு அவ்விடத்தை மீட்டுத்தர அட்டவணையை முழுவதும் திரும்ப எழுத வேண்டியிருக்கும். அதற்கு அட்டவணை அளவுக்கு வெற்றிடமும் வேண்டும். வட்டு நிறைந்த பின்னர் இதனைத் தொடங்க இயலாது.

கோப்புகள் வெளியே இருப்பின், முதலில் தரவுத்தளத்தையும் அடுத்துக் கோப்புகளையும் நகலெடுப்பது பாதுகாப்பானது. மேலெழுதாத ஒழுங்கு பின்பற்றப்பட்டு, பழைய கோப்புகளை நீக்குவதும் நகல் முடியும் வரை நிறுத்தப்பட்டிருந்தால், நகலில் உள்ள ஒவ்வொரு பதிவுக்கும் உரிய கோப்பு இருக்கும். ஹாஷ் மதிப்பையும் நீளத்தையும் பதிவில் வைத்திருப்பவர்கள், மீட்டபின் ஒவ்வொரு கோப்பையும் மீண்டும் கணக்கிட்டு ஒப்பிடலாம். பாதியில் வெட்டுண்ட படமும், குறிமுறை மாற்றத்தில் சிதைந்த ஆவணமும் அவ்வொப்பீட்டில் உடனே வெளிப்படும். அதே கணக்கீட்டைக் கோப்பு முதலில் ஏற்றப்பட்ட கணத்திலும், தரவுத்தளத்திலிருந்து திரும்பப் படித்துச் செய்து பார்த்தால், மூலக்கோப்பு பயனரின் கையில் இருக்கும்போதே பிழையைச் சொல்லிவிட முடியும்.